இருபத்தெட்டில் நிற்கும் முள்

வெளியே கனடாவின் சாஸ்கட்டூன் நகரம் மைனஸ் முப்பத்தெட்டு டிகிரியில் விறைத்துக் கிடக்கிறது. வீட்டில் வளர்க்கும் பாம்பின் பழைய தொட்டியில் ஹீட்டர் காலையிலேயே செத்துவிட்டது. லோரெட்டா பாம்பைத் தலையணை உறையில் போட்டு முடிச்சிட்டு மடியில் வைத்திருக்கிறாள். எதிரே, அவள் கணவன் வெய்ன் மூன்று வாரமாகப் பலகை அறுத்துச் செய்த புதுப் பெட்டி, மரத்தூள் மணம் போகாமல், உள்ளே எரியும் சூட்டு விளக்கால் செம்மஞ்சளாய் ஒளிர்கிறது. அதன் வெப்பமானியில் முள் ஒரு மணி நேரமாக இருபத்தெட்டைத் தாண்டவில்லை.

"கடையில வாங்கிடலாம்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்."

"கடைப் பெட்டியெல்லாம் வெறும் அட்டை. இன்னும் நாலு டிகிரிதான், பொறு."

உறைக்குள் அசைவு குறைந்துகொண்டே வருகிறது. பொறுக்கமாட்டாமல் அவள் பெட்டிக்குள் கையை விடுகிறாள். விட்ட வேகத்தில் இழுத்துக்கொள்கிறாள். விரல் முட்டிகள் சூட்டில் சிவந்திருக்கின்றன. வெய்ன் குனிந்து பார்க்கிறான். வெப்பமானியின் உணர்கம்பி நழுவி, பாம்புக்கு வைத்த தண்ணீர்க் கிண்ணத்தில் மூழ்கிக் கிடக்கிறது; முள் இவ்வளவு நேரம் காட்டியது தண்ணீரின் சூட்டை. சொட்டச் சொட்ட அதை எடுத்துப் பிடித்தபடி நிற்கிறான். பிறகு ஸ்விட்சை அணைக்கிறான்.

லோரெட்டா ஸ்வெட்டரைத் தூக்கி உறையை வயிற்றோடு சேர்த்து மூடிக்கொள்கிறாள். சில்லிட்ட சுருளொன்று மெல்ல அவள் மேல் இறுகுகிறது.

"எவ்வளவு நேரம் அப்படியே வச்சிருப்ப?"

"நீ பெட்டிய செஞ்சு முடிக்கிற வரைக்கும்."