நாலாவது மிஷின் பக்கம்

"இதை நீங்களே வெச்சுக்குங்க அம்மிணி. மாட்டுக்குக் கட்டற மணியாட்டம் எனக்கு எதுக்குங்க இது?"

அங்கமுத்து கழுத்திலிருந்த சென்சார் அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஆட்டையாம்பட்டிப் பக்கம் டவல் தயாரிக்கும் அந்தக் கம்பெனியில் தையல் பிரிவுக்கு அவர்தான் சூப்பர்வைசர். வெள்ளை வேட்டியும் நிமிர்ந்த முதுகுமாக அவர் நடந்து வந்தால் வெட்டிப் பேச்சு தானாக அடங்கும்.

சண்முகப்பிரியா ஆராய்ச்சிக்காகக் கோவையிலிருந்து வந்தவள். வேலையிடத்தில் யார் யாரோடு பழகுகிறார்கள் என்று பார்க்க எல்லோருக்கும் அட்டை மாட்டியவள் அவள்தான். என்ன பேசினார்கள் என்பது அதில் பதியாது. யார் பக்கத்தில் யார் எவ்வளவு நேரம் நின்றார்கள், பேசினார்களா இல்லையா, அவ்வளவுதான். யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். ஆனால் அங்கமுத்துவின் அட்டையில் பதிந்திருந்ததைப் பார்த்த பிறகு அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"தினமும் நாலாவது மிஷினுக்குப் பின்னாடி போய் நிக்கறீங்க. தனப்பிரியா லீவு போட்டா மட்டும் அந்தப் பக்கமே போறதில்ல. அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசினதும் இல்ல. ஏனுங்கய்யா?"

தனப்பிரியா புதிதாகச் சேர்ந்தவள். புதுச்சத்திரத்திலிருந்து கம்பெனி வேனில் வருகிறாள்.

பெரியவரின் முகம் கறுத்தது. தையலைச் சரிபார்க்க நின்றேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

விஷயம் கம்பெனியின் பெண்கள் புகார்க் குழுவுக்குப் போனால் வேலையும் போகும், இத்தனை வருடம் கட்டிக்காத்த பெயரும் போகும் என்று அவள் எடுத்துச் சொன்னாள். மனதில் களங்கம் இல்லையென்றால் காரணத்தைச் சொல்லிவிடும்படி கெஞ்சாத குறையாகக் கேட்டாள்.

"வேலையை வேணும்னா எடுத்துக்குங்க. காரணத்தைக் கேக்காதீங்க. அதைச் சொல்ற வாயை நானே அடைச்சுக்கிட்டேனுங்க."

முதுகு வளையாமல் வெளியே போனார்.

சண்முகப்பிரியா தனப்பிரியாவை வரவழைத்து, கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டாள். அவர் வந்து நிற்பது தெரியும் என்றாள் தனப்பிரியா. முதல் நாளிலிருந்தே தெரியுமாம்.

"பயப்படாதே. புகார் எழுதிக் குடு. நான் உன்கூட இருக்கேன்."

"பயமெல்லாம் இல்லீங்க மேடம். அவரு பின்னாடி நிக்கறப்பத்தான் எனக்குத் தையல் கோணாம ஓடுது."

"விளையாடாதே. மேலதிகாரி ஒருத்தர் தினமும் இப்படிப் பின்னாடி வந்து நிக்கறது தப்பில்லையா?"

தனப்பிரியா முந்தானை நுனியால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

"சாதி விட்டுக் கட்டிக்கிட்டேன்னு, ஊரே பார்க்க வாய்க்கால்ல எறங்கி என்னையத் தலை முழுகினவருங்க. செத்துப்போனவகிட்ட எப்படிங்க பேசுவாரு? நின்னுட்டாவது போகட்டும் மேடம், எங்கப்பா."