இரண்டாவது கரண்டி

என் தங்கச்சி மலர்விழியைக் கஞ்சப்பிசினாரி என்று ஊர் முழுக்கப் பரப்பியது நீங்கள்தான்.

பிரிக்பீல்ட்ஸில் அவள் நடத்தும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் யாரோ எடுத்த வீடியோ அது. ஒரு பெரியவர். முதுகு மட்டும் தெரிகிறது. "இன்னும் ஒரு கரண்டி கீரை போடும்மா" என்கிறார். "முடியாது அங்கிள்" என்று இவள் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போகிறாள். அங்கே கேட்காமலே இரண்டு கரண்டி போடுகிறாள்.

எடுத்தவன் அதோடு விட்டுவிட்டான். நீங்கள்தான் அதை முகநூலில் போட்டு, மேலே இப்படி எழுதினீர்கள்: "பெற்ற பிள்ளை ஒருவன் பக்கத்தில் இருந்தால் இந்தப் பெரியவர் கீரைக்குக் கெஞ்சுவாரா? காசு பார்த்த கண்ணுக்கு மனுஷன் தெரியவில்லை."

எழுத்து அப்படி. ஒரே வாரத்தில் கடை காலி. வெள்ளிக்கிழமை மதியம்கூட மேசைகள் சும்மா கிடந்தன. போகிறவன் வருகிறவனெல்லாம் "அக்கா, கீரை கிடைக்குமா?" என்று கேலி வேறு.

நானும் அவளைத்தான் ஏசினேன். பாசாரில் அவளுக்குக் காய்கறி வாங்கிக் கொடுப்பவன் நான். கட்டுக்குப் பத்துக் காசு குறைக்கத் தொண்டை கிழியக் கத்துகிறவன்.

"நான் கத்திக் கத்தி மலிவா வாங்கித் தர்றேன். ஒரு கரண்டி போட்டா குடி முழுகிடுமா?"

"அவருக்குப் போட மாட்டேன் அண்ணே."

"ஏன் லா?"

"சொல்ல மாட்டேன்."

"என்கிட்டகூடவா?"

"உன்கிட்ட சொன்னா மைக் செட்ல சொன்ன மாதிரி. அது அவரோட விஷயம். கடை போனா போகட்டும்."

ரோட்டோரத்தில் ஒற்றை மேசை போட்டு ஆரம்பித்த கடை. அதைப் போகட்டும் என்கிறாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. நேராகப் பெரியவர் வீட்டுக்கே போனேன். கமலநாதன் என்று பெயர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். கடைக்குப் பின்னால் ஒரு ஃபிளாட்டில் தனியாக இருக்கிறார். பழைய பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். வீடியோ விஷயமே அவருக்குத் தெரியவில்லை.

உள்ளே போனதும் கண்ணில் பட்டது ஜன்னலோரம் வரிசையாக நின்ற சிவப்பு ஜூஸ் பாட்டில்கள். ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.

"கிரான்பெரி ஜூஸ், தம்பி. ரவாங்ல இருக்கிற என் மகன் மாசாமாசம் டெலிவரி போட்டு அனுப்புறான். நெஞ்சுக்கு நல்லதாம்." சொல்லும்போதே முகம் பூரித்தது.

"குடிக்கலையா அங்கிள்?"

"எனக்கு ஆகாது. இதயத் துடிப்பு தாறுமாறா இருக்கு. ரத்தம் கட்டி மூளைக்குப் போயிடக் கூடாதுன்னு வார்ஃபரின் மாத்திரை குடுத்திருக்காங்க. இந்த ஜூஸ் அதோட சேர்ந்தா ரத்தக் கசிவு வரலாம்னு கிளினிக்ல தடுத்துட்டாங்க. கீரை அதுக்கு நேர் எதிர். திடீர்னு கூடிப்போனா மாத்திரை சரியா வேலை செய்யாது. ஒரேயடியா நிறுத்தவும் வேணாமாம். தினம் ஒரே அளவு."

"அப்புறம் எதுக்கு இன்னொரு கரண்டி கேட்டீங்க?"

"நாக்கு கேட்குதே. அதான் மலர்கிட்ட முதல்லயே சொல்லி வச்சேன். நான் அழுதாலும் ரெண்டாவது கரண்டி போடாதேன்னு. வெளியில யாருக்கும் சொல்லாதேன்னும் கேட்டுக்கிட்டேன். மகன்கிட்ட இது பிரஷர் மாத்திரைன்னு சொல்லியிருக்கேன். உண்மை தெரிஞ்சா, அனுப்பின ஜூஸை நினைச்சு மனசு கஷ்டப்படுவான். ரத்தம் டெஸ்ட் பண்ணக்கூட மலர்தான் கடையை ஆள்கிட்ட விட்டுட்டு என்னைக் கூட்டிட்டுப் போகுது."

வாயைத் திறந்திருந்தால் ஒரே நாளில் கடை நிமிர்ந்திருக்கும். திறக்கவில்லை. அவள் என் தங்கச்சி.

போனை அவரிடம் நீட்டினேன். "பாருங்க அங்கிள், ஊரே அவளைத் துப்புது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வீடியோவைப் பார்த்தார். நீங்கள் எழுதியதைப் படித்தார். மேலே இருந்த பெயரைப் படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன்.

"நல்லா எழுதியிருக்கான் இல்ல, தம்பி? பள்ளிக்கூடத்துல கட்டுரைப் போட்டின்னா என் மகன்தான் முதல் பரிசு."

போனை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

வாசல் வரை வந்து வழியனுப்பினார். "மலர் பேரு கெடக் கூடாது. என் சீக்கை எல்லாருக்கும் சொல்லிக்கோங்க. என் மகன் பேரை மட்டும் விட்டுடுங்க."

விட்டுவிட்டேன்.

வீடியோவில் முதுகு மட்டும்தான் தெரிகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குரல் தெளிவாகக் கேட்கிறதே. அப்பா குரலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று?

வருகிற செவ்வாய்க்கிழமை காலை அவருக்கு ரத்தப் பரிசோதனை. ரவாங்கிலிருந்து கொமுட்டர் ரயில் நேராக இங்கே வருகிறது. ஜூஸ் வேண்டாம், நீங்கள் வாருங்கள். அப்பாவை நீங்களே கிளினிக்குக் கூட்டிப்போங்கள். திரும்பி வந்து என் தங்கச்சி கடையில் அவர் பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் கண் முன்னாலேயே அவருக்கு ஒரு கரண்டியோடு நிறுத்துவாள்.

முதல் பரிசு வாங்கிய கைதானே. அதையும் எழுதுங்கள்.