பச்சை விளக்குக் கதவு

"இருபத்திரெண்டு பேர்ல ஒரு ஆள் குறையுதே!"

பயிற்சி கொடுக்க வந்த கணேசமூர்த்தி பெயர்ப் பட்டியலை உயர்த்திக் காட்டினார். நானுஓயாவுக்கு மேலே, அந்த ஹோட்டலின் புல்வெளியில், துப்புரவு ஆட்களும் சலவை ஆட்களும் தேயிலைத் தோட்டத்தில் காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு நிற்பது போல வரிசையாக நின்றார்கள். தீப்பிடித்தால் எப்படி வெளியேறுவது என்று காலையில் பாடம். இப்போது ஒத்திகை. கீழ்த்தளப் படிக்கட்டில் புகை போட்டு, மணியும் அடித்தாயிற்று.

"யாரு, வேலாயி அக்காவா?" வரிசையில் யாரோ சிரித்தார்கள். "காலையில கிளாஸ்லயே தூங்கி விழுந்துச்சு!"

நிலக்ஷிக்கு உடம்பெல்லாம் கூசியது. இருபத்து நான்கு வயதில் இவர்களுக்கு மேற்பார்வையாளர். வந்த ஆறே மாதத்தில் சலவை அறையில் துணி களவு போவதை நிறுத்தியவள் என்று மேனேஜரிடம் நல்ல பெயர். எல்லாம் இந்த அக்காவால் போகப்போகிறது.

"இன்னைக்குத் தேறாதவங்க திங்கக்கிழமையிலருந்து வரத் தேவையில்ல," என்றார் மேனேஜர்.

மணி அடித்த ஒன்பதாவது நிமிடம் வேலாயி வந்தாள். புகைப் படிக்கட்டு வழியாகவே, இருமிக்கொண்டு, கைகளை ஏப்ரனுக்குள் சுருட்டிக்கொண்டு.

"என்னக்கா, துணியெல்லாம் காயப்போட்டுட்டு வாறீங்களா?"

வரிசையில் மறுபடி சிரிப்பு.

"புகை இருக்கிற பக்கம் போகாதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்?" கணேசமூர்த்தி அதட்டினார். "பச்சை விளக்கு எரியிற கதவால போகணும்னு சொன்னேனா இல்லையா?"

வேலாயி நிலக்ஷியை ஒரு தடவை பார்த்தாள்.

"பயத்துல மறந்துட்டேங்க சார்."

அவர் அவள் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு போட்டார்.

நிலக்ஷி அவளைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள்.

"என் மானத்தையே வாங்கிட்டீங்கக்கா! நெசத் தீயா இருந்தா செத்திருப்பீங்க, தெரியுமா?"

"ஆமா. செத்துத்தான் போயிருப்பேன்."

வேலாயி ஏப்ரனுக்குள்ளிருந்து கைகளை எடுத்தாள். விரல் முட்டிகளில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

"ஐயோ! என்னக்கா இது?"

"சலவை அறையில நான் மட்டுந்தான் இருந்தேன். அங்க இருக்கிற பச்சை விளக்குக் கதவுக்குத்தான் மொதல்ல ஓடுனேன். வெளியில பூட்டியிருந்துச்சு. அந்தப் புகையில ஒத்திகைன்னே மறந்துபோச்சு. தட்டுனேன், தட்டுனேன்... யாருக்கும் கேக்கல."

நிலக்ஷியின் கை பாக்கெட்டுக்குப் போனது.

சலவை அறையின் பின்கதவு. படுக்கை விரிப்புகள் அந்த வழியாகத்தான் களவாக வெளியே போகின்றன என்று பூட்டு வாங்கி மாட்டியவள் நிலக்ஷியேதான். சாவி இப்போதும் அவள் பாக்கெட்டில் இருந்தது.

"சார்கிட்ட... ஏன் சொல்லல?"

"நம்ம தோட்டத்து லயத்து வீடுகள்லருந்து படிச்சு இந்த மாதிரி உத்தியோகத்துக்கு வந்தது நீ ஒருத்திதானே புள்ள." வேலாயி குரலைத் தாழ்த்திக் கையை நீட்டினாள். "சார் அடுத்து கதவெல்லாம் பாக்கப் போறாராம். சாவியக் குடு. ஓடிப்போய் பூட்டைக் கழட்டிட்டு வந்துர்றேன்."

நிலக்ஷி சாவியை எடுத்தாள். ரத்தம் கசியும் அந்தக் கையில் வைக்கவில்லை. நேரே புல்வெளியைக் கடந்து போய், கணேசமூர்த்தியின் முன்னால் அதை நீட்டினாள்.

"சார், தப்பான பேருக்குச் சிவப்புக் கோடு போட்டுட்டீங்க."