செப்புத் தகட்டில் ஒரு தலைப்பாகை

நேப்பிள்ஸ் நகரத்து அச்சுப் பட்டறை. சன்னலில் ஒட்டிய எண்ணெய்க் காகிதத்தின் வழியே காலை வெளிச்சம் மஞ்சளாக வடிகிறது. போர்சியா செப்புத் தகட்டில் மிஞ்சிய மையை உள்ளங்கையால் துடைத்து, ஈரத்தாளை அதன்மேல் விரித்து, உருளைக்கடியில் தள்ளுகிறாள். அவள் கணவன் அனியெல்லோ ஊசியால் கீறி அமிலத்தில் அரித்தெடுத்த போர்க்களம் அது. எந்த ஊரிலும் நடக்காத போர். கொழுத்த குதிரைகள் முன்னங்காலைத் தூக்கி நிற்கின்றன; புகை சுருண்டு வானத்தை அடைக்கிறது. ஒரு குதிரையின் குளம்படியில் வாய் பிளந்து கிடப்பவனுக்கு மட்டும் நிஜ முகம். போன வருடம் போரில் செத்த அவள் தம்பி தீத்தோவின் முகம். புதைகுழிகூடக் கிடைக்காதவனுக்கு இந்தத் தகட்டிலாவது இடம் இருக்கட்டும் என்று அவள்தான் கெஞ்சி வரையச் சொன்னாள். தாளை மெல்ல உரிக்கிறாள். தம்பியின் தலையில் புதிதாக ஒரு துருக்கித் தலைப்பாகை.

“என்னய்யா இது?”

“படம் வாங்குற பிரபு சொல்லிட்டாரு. செத்தவனெல்லாம் துருக்கியனா இருக்கணுமாம். நம்மாளு ஒருத்தன்கூடச் சாகக் கூடாதாம்.” அனியெல்லோ கறை படிந்த விரல்களைத் துணியில் தேய்த்துக்கொண்டே இருக்கிறான். “கற்பனைப் போர்தானேடி, உனக்கென்ன வந்துச்சு?”

“அந்தப் பிரபு வாளை உருவினதே விருந்துல பன்னித்தொடை வெட்டத்தான். அவன் சொன்னா நீ என் தம்பிக்கு முண்டாசு கட்டிருவியா?”

ஈரம் காயாத தாளை மேசையில் அறைகிறாள். மதியத்துக்கு வைத்த மொச்சைக் கிண்ணம் துள்ளி அடங்குகிறது.

“நம்மாளு யாரும் சாகலேல்ல? அப்போ தீத்தோவைச் சாப்பிட வரச் சொல்லுய்யா. மொச்சை ஆறுது.”