ஒரு விரற்கடை

"ரோட்டுல மரத்த வெட்டிப் போடுறதும் நீங்க. அதச் சுத்திக்கினு போறதுக்கு ஜீப்பத் தூக்கித் தரச் சொல்றதும் நீங்களா?"

மெக்கானிக் சின்னக்கண்ணு கேட்டே விட்டார்.

ராஜாங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பட்டறை வாசலில் நின்ற தன் பழைய ஜீப்பையே பார்த்தார். பட்டாளத்து ஏலத்தில் எடுத்தது.

எண்பத்தேழாம் வருஷத்து செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலையடிவாரம் வரைக்கும் புளியமரங்கள் ரோட்டின் குறுக்கே விழுந்து கிடந்தன. அந்தப் பக்கத்து மறியலுக்கு ராஜாங்கம்தான் தலைவர்.

"ஏழு ஊரு சுத்தணும் அண்ணே. வயக்காட்டுல பூரணும், ஆத்துல எறங்கணும். அடி தட்டக் கூடாது. அரைச் சாண் தூக்கிக் குடுங்க."

"ஸ்பிரிங்குல ரெண்டு பட்டை சேத்தா எழும்பிக்கும். ஆனா தூக்கித் தூக்கிப் போடும்."

"குலுங்கவே கூடாது. அதான் முக்கியம்."

உள்ளேயிருந்து சின்னக்கண்ணுவின் மனைவி தைலம்மாளின் குரல் வந்தது. "தலைவருக்கு இலவம்பஞ்சு மெத்த ஒண்ணு தெச்சுப் போட்டுக் குடுங்க. ஊரே நடந்து சாவுது, அவுருக்குக் குலுங்கக் கூடாதாம்!"



தைலம்மாளின் ஆத்திரத்துக்குக் காரணம் இருந்தது. மகள் கமலா மலைமேல், வெள்ளிமலையில் இருந்தாள். மருமகன் அங்கே வாத்தியார். ஒன்பதாம் மாதம் வளையல் போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது அவர்கள் வழக்கம். நாள் பார்த்தது வெள்ளிக்கிழமைக்கு. மறியல் தொடங்கியது வியாழக்கிழமை.

சனிக்கிழமை, மலையிலிருந்து நடந்தே வந்த ஓர் ஆள் மருமகனின் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். குழந்தை குறுக்கே கிடக்கிறதாம். வலி எடுப்பதற்குள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று நர்சம்மா சொல்கிறாளாம்.

சின்னக்கண்ணு அந்தச் சீட்டோடு மறியல் பந்தலுக்கு ஓடினார். ஒரே ஒரு வண்டிக்கு மட்டும் வழி விடச் சொல்லிக் கெஞ்சினார்.

"கலெக்டர் வண்டியும் போவாது, ஒங்க வண்டியும் போவாது. ஒருத்தருக்கு வுட்டா அப்புறம் போராட்டம் இன்னாத்துக்கு?" என்றார் ராஜாங்கம். சுற்றி நின்ற நூறு பேரும் கைதட்டினார்கள்.

அது நேற்று. இன்று அதே ராஜாங்கம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்.

சின்னக்கண்ணு ஜீப்பின் அடியில் படுத்தார். மனம் கொதித்தாலும் கை அதன் வேலையைச் செய்தது. அச்சுக்குக் கீழே கிடந்த ஸ்பிரிங் பட்டைகளை அவிழ்த்து, அச்சின் மேல் ஏற்றிக் கட்டினார். புதிதாக ஒரு பட்டையும் சேர்க்கவில்லை. வண்டி அரைச் சாண் எழும்பியது. குலுக்கல் கூடவில்லை.

இனி ஷாஃப்ட் ஒன்றுதான் பாக்கி. வண்டி எழும்பினால் கியர்பாக்ஸுக்கும் பின் அச்சுக்கும் நடுவே தூரம் கூடிவிடும். இரண்டையும் இணைக்கிற ஷாஃப்ட் எட்டாது. ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கும் அதன் துண்டுகள் நாலு விரற்கடை பிடித்திருந்த இடத்தில், இப்போது ஒரு விரற்கடைதான் பிடித்திருந்தது.

குழாயை வெட்டி, ஒட்டுப் போட்டு நீட்ட வேண்டும். இரண்டு மணி நேர வேலை. நீட்டாமல் விட்டால் சமதரையில் ஒன்றும் தெரியாது. பின்சக்கரம் ஒரு பெரிய பள்ளத்தில் தொங்கும்போது ஷாஃப்ட் உருவிக்கொண்டு விழும்; வண்டி அங்கேயே நின்றுவிடும். முன்சக்கரத்துக்கான ஷாஃப்ட்டோ, ஏலத்தில் எடுத்தபோதே அந்த வண்டியில் இல்லை.

ஷாஃப்ட்டின் மேல் கையை வைத்தபடி அவர் கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தார்.

கோமுகி ஆற்றின் நடுவில் நிற்கட்டும் தலைவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் நிற்கட்டும். வழி அடைபட்டவன் வயிறு எப்படி எரியும் என்று ஒரு நாளாவது தெரியட்டும்.

ஷாஃப்ட்டை நீட்டாமலே வெளியே வந்து கையைத் துடைத்தார். இத்தனை வருஷத்தில் ஒரு வண்டியையும் அவர் அப்படி வெளியே விட்டதில்லை.

"ஆச்சு. எடுத்துக்கினு போங்க."

"நல்லாப் பாத்துட்டீங்களா அண்ணே? ஆத்துல எறக்கலாமா?"

"தாராளமா."

ராஜாங்கம் ஏறி உட்கார்ந்து இஞ்சினைக் கிளப்பினார். தெருவின் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டு, குனிந்து தணிந்த குரலில் பேசினார்.

"அண்ணிய வரச் சொல்லுங்க. ஒரு பாயும் தலவாணியும் எடுத்துக்கினு வரட்டும்."

"எங்க?"

"வெள்ளிமலைக்குத்தான். நேத்து அத்தினி பேருக்கு முன்னாடி நான் வேற இன்னா சொல்ல முடியும்? ஒங்களுக்குன்னு மரத்த எடுத்தா எல்லாருக்கும் எடுக்கணும். எடுக்காம சுத்திக்கினு போவலாம் இல்ல? வேற ஆரு ஓட்டினாலும் நம்ம பசங்க மறிப்பாங்க. அதான் நானே ஓட்டறேன். வரும்போது பொண்ணு தலய மடியில வெச்சுக்க ஒரு ஆளு வேணும், அண்ணி வந்தாத்தான் சரி."

தைலம்மாள் கதவருகே நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"ஏறுங்க அண்ணி, நேரமாவுது."

சின்னக்கண்ணு ஜீப்பின் முன்னால் போய் நின்று, நகர விடாமல் இஞ்சின் மூடியின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். தலை நிமிரவில்லை.

"இஞ்சின நிறுத்துங்க தலைவரே. ஷாஃப்ட்டு எட்டல... தெரிஞ்சேதான் வுட்டேன்."