வான்கோழி இளவரசன்

மனைவியின் கள்ளக்காதலன் வான்கோழியாக மாறியதும், மெழுகுவர்த்தி வியாபாரி புலார் இருக்கையை விட்டு எழுந்து நின்று கைதட்டினார்.

மேடையில் சூனியக்காரி கோலை வீசினாள், புகை கிளம்பியது. பட்டுச் சட்டையும் இறகுத் தொப்பியுமாக நின்ற இளவரசன் பிம்பினெல் மேடைப் பலகையில் திறந்த துவாரத்துக்குள் சரக்கென்று இறங்க, அதே இடத்தில் ஒரு வான்கோழி கொக்கரித்துக்கொண்டு மேலே வந்தது. கொட்டகையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"அப்படியே இருடா, படுபாவி! வர்ற கிறிஸ்துமஸுக்கு உன்னை அறுத்து அடுப்புல வைக்கிறேன்!" என்று கத்தினார் புலார். பக்கத்து இருக்கைக்காரர் மெல்லத் தள்ளி உட்கார்ந்தார்.

பாவம், அவர் வயிற்றெரிச்சல் அவருக்கு. நாடகம் பார்ப்பவர்கள் நேரே நரகத்துக்குத்தான் போவார்கள் என்று வீட்டில் சட்டம் போட்டவர் அவர். குழந்தை குட்டி இல்லாவிட்டாலும் லியோனி ஒருத்தி போதும் என்று இத்தனை வருடம் வாழ்ந்துவிட்டார்.

அந்த லியோனிதான் கொஞ்ச நாளாக, மாலைப் பூசைக்குப் போகிறேன் என்று தூக்குப் பாத்திரத்தில் சுடச்சுடக் கோழிச் சாறு எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். எந்தப் புனிதர் கோழிச் சாறு கேட்டார்? புருஷனுக்கு என்னவோ தினமும் முட்டைக்கோஸ்தான்.

இன்று பின்னாலேயே வந்து பார்த்துவிட்டார். கொட்டகையின் பின்வாசலில் இந்த இளவரசன் பயல், மீசைகூட முளைக்காதவன், லியோனியைக் கட்டிக்கொண்டு உள்ளே கூட்டிப்போனான். வாசல்காரி புலாரை விடவில்லை. வேறு வழியில்லாமல் டிக்கெட் வாங்கி முன்பக்கமாக நுழைந்து, அரை நாடகத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார்.

இடைவேளைக்குத் திரை விழுந்ததும் குடையை இறுகப் பிடித்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் புகுந்தார். அங்கே அந்த வான்கோழி, தன் தலையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சுங்கானில் புகையிலை புகைத்துக்கொண்டிருந்தது. உள்ளே நரைத்த தாடியோடு ஒரு கிழவர்.

"யோவ், நீ... அந்த இளவரசன் இல்லையா?"

"நான் வெறும் வான்கோழி முசியே. அவங்க கீழ இறங்குவாங்க, நான் மேல ஏறுவேன். இங்க யாரைப் பார்த்தும் இவங்கதான்னு முடிவு கட்டிடாதீங்க."

"எங்க அவன்? அவன் நெஞ்சைப் பிளக்கணும்!"

வான்கோழிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "நம்ம பிம்பினெல் நெஞ்சையா? கடைசிக் கதவு, போங்க. ஆனா மெல்லத் தட்டுங்க. இடைவேளையில அங்க பசியாறுற நேரம்."

'என் வீட்டுக் கோழிச் சாற்றில்தானே பசியாறுகிறான்!' புலாருக்கு ரத்தம் கொதித்தது. கதவில் காதை வைத்தார். உள்ளே லியோனி கொஞ்சிக்கொண்டிருந்தாள்.

"என் ராசா, மெதுவாடா! உன்னை அப்படியே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடலாம்போல இருக்கு. எங்க, ஒரு முத்தம் குடு. நான் கிளம்பணும், வீட்டுல கிழக்கரடி உறுமிக்கிட்டு இருக்கும்."

அந்தக் கரடிக்கு அதுவரை இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. கண்ணில் நீர் முட்டியது. அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, தோளால் கதவை ஒரே இடி இடித்து உள்ளே விழுந்தார். குடையை வாள்போல நீட்டினார்.

"லியோனி! ஒண்ணு நான், இல்ல அவன்! இப்பவே சொல்லு!"

லியோனி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். இளவரசன் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, இடுப்பில் வாளும் தலையில் இறகுத் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தான். குடையைக் கண்டு கொஞ்சமும் அசரவில்லை. பொத்தான் அவிழ்ந்திருந்த பட்டுச் சட்டையின் மேல் சால்வையை மட்டும் இழுத்துவிட்டுக்கொண்டு, இளவரசன் வாய் திறந்தான்.

"முதல்ல கதவைச் சாத்துங்க முசியே! நான் பால் குடுத்துக்கிட்டு இருக்கேன், பிள்ளைக்குக் காத்து ஆகாது."