நாலு எலுமிச்சம்பழம்

செங்கல் சூளையில் பொதி சுமந்த சிங்காரம் என்ற கழுதைக்குத் திடீரென்று சொந்தத் தொழில் ஆசை பிடித்துக்கொண்டது.

"முதுகும் என்னுது, காலும் என்னுது. நடுவுல முதலாளின்னு ஒருத்தர் எதுக்கு?"

முதுகில் உட்கார்ந்திருந்த காக்கா தயக்கத்தோடு இழுத்துப் பேசியது. "ஆனா அண்ணே, மத்தியானமானா வேப்பமரத்தடியில பொதியை இறக்கி உங்களை அவுத்து விடுறாரே."

"இனி ஆசைப்பட்ட மரத்தடியில எல்லாம் நிப்பேன்டா," என்று சொல்லிவிட்டுச் சிங்காரம் அன்றே வேலையை விட்டது.

மறுநாள் காலை பூஜை. காக்கா எங்கிருந்தோ தூக்கிவந்த நாலு எலுமிச்சம்பழத்தை நாலு குளம்புக்கடியிலும் வைத்தது. சிங்காரம் அவற்றை நசுக்கிக்கொண்டு, சந்தோஷத்தில் ஊரே கேட்கும்படி கத்திக்கொண்டு புறப்பட்டது. சொந்தத் தொழிலாயிற்றே என்று வழக்கத்தைவிட இரண்டு வரிசை செங்கல் கூடுதலாகவே ஏற்றியிருந்தது. அந்தக் கனம்கூட அதற்கு மாலை போட்டதுபோல இருந்தது.

மத்தியானம் வேப்பமரம் வந்தது. கால்கள் பழக்கத்தில் தாமாக நின்றன. சிங்காரம் குனிந்து அவற்றை முறைத்தது. "சோம்பேறிக் கழுதை, நட."

காக்கா பதறிப்போய், "செத்த நேரம் நிழல்ல நில்லுங்கண்ணே," என்றது.

"நிக்கலாம்தான்," என்றது சிங்காரம், மூச்சு வாங்கினாலும் முகமெல்லாம் பெருமையாக. "ஆனா நம்ம புது முதலாளி ரொம்பக் கண்டிப்பானவரு."